உபசாரத்துக்கு ஒரு வியட்நாம்

தாம்பரம் ரயில் நிலையத்தில் கிழக்கையும் மேற்கையும் சேர்க்கும் நடைமேம்பாலம் இருக்கிறதே, அதன் படிக்கட்டில் என் அக்கா ஏறிக்கொண்டிருந்தாள்.

பக்கத்திலேயே எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று அதிசயமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜனம் பைகளைக் கட்டிக்கொண்டு, அசையாமல், மேலே போய்க்கொண்டேயிருந்தது. இவள் மட்டும் படியில். ஊதா நிற வாயில் புடவை. அதைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தாள். காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ.

அறுபதை நெருங்கும் என் அக்கா வசந்தாவை நான் அதுவரை ஷூவில் பார்த்ததில்லை. கல்யாணங்களுக்கு ஒரு செருப்பு, கடைக்கு ஒரு செருப்பு, அவ்வளவுதான் அவள் பாதங்களின் சரித்திரம். அந்த வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. புதுசு. இன்னும் ஒரு மழையைக்கூடப் பார்க்காதது.

உச்சிக்குப் போனாள். திரும்பினாள். கைப்பிடியைத் தொடாமல் இறங்கினாள். கீழே வந்து இடுப்பில் கை வைத்து, வந்த வழியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி ஏறினாள்.

ரயில் வருகிறது, போகிறது. எந்த ரயிலையும் அவள் பார்க்கவில்லை.

நான் கிழக்குப் பக்கம் கரும்புச்சாறு வண்டியருகே நின்றிருந்தேன். கூப்பிடு தூரம்தான். 'அக்கா' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பாள். நான் கையில் டம்ளரோடு வண்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். கரும்பைப் பிழிகிற அந்த இரும்புச் சக்கரங்களுக்கு நடுவே இருந்த சந்து வழியாக என் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் எதற்காக ஏறுகிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதனால்தான் ஒளிந்தேன். அவள் எந்தப் பயணத்துக்காகக் கால்களைப் பழக்கிக்கொண்டிருந்தாளோ, அந்தப் பயணத்துக்கு நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு டிக்கெட். எனக்கும் என் மனைவிக்கும்.

இரண்டாம் முறை

இந்தத் தொடரில் அக்காவைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். எல்லாம் பெருமையாக. அவளும் இந்த இதழைக் கடைக்குப் போய் வாங்கி, என் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் ராசிபலனுக்குப் போவாள். இதையும் படிப்பாள்.

எங்கள் வீட்டில், எங்கள் வீட்டில் என்ன, எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும், அழைப்பு என்பது இரண்டு வகை. சாப்பிடும் நேரத்தில் வாசலில் யாராவது வந்து நின்றால், "வாங்க, சாப்பிடலாம்" என்போம். வந்தவர் பசியில் கண் இருண்டுபோய் நின்றாலும், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார். அது உபசாரம். அதில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. குங்குமம் நீட்டுகிற மாதிரி, நெற்றியில் வைத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

இரண்டாம் முறை கேட்டால்தான் அது வேறு. "அட, உட்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போனா என்ன" என்று கையைப் பிடித்தால்தான் அழைப்பு. முதல் முறை கேட்பது வாசலுக்காக. இரண்டாம் முறை கேட்பது ஆளுக்காக.

இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. மூச்சு விடக் கற்ற மாதிரி கற்றோம்.

அப்பா அலுவலகத்துக்கு வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் இருந்தார். மிஸ்ரா என்று பெயர். பேச்சுவாக்கில் அப்பா, "ஒரு நாள் குடும்பத்தோட வாங்க சார், சாப்பிடலாம்" என்று சொல்லிவைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மிஸ்ரா, மனைவி, குழந்தைகள், கையில் ஒரு இனிப்புப் பெட்டி சகிதம் எங்கள் வீட்டுக் கேட்டில் நின்றார். அம்மா அடுப்பில் ரசத்தைத் தவிர எதுவும் வைத்திருக்கவில்லை. அப்பா பனியனோடு வாசலுக்கும் பின்கட்டுக்கும் ஓடியதும், என்னைக் கொல்லைப்புறமாகப் பாலுக்கு விரட்டியதும், அக்கா அவசரமாக அப்பளம் பொரித்து வெறும் அப்பளமாகவே பரிமாறியதும் எங்கள் வீட்டுப் புராணம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பிறந்தது. சும்மா சொன்னதை நிஜமென்று நம்பிவிடுபவர்களை, "மிஸ்ரா ஆயிட்டான்" என்போம். அதைச் சொல்லி முதலில் சிரிப்பவள் அக்காதான். சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பாள்.

அந்த விதி தெரியாதவள் இல்லை அவள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் முளைத்த மலை

சேலையூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் அக்கா. அத்தான் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மகன் கார்த்திக் பெங்களூரில். இவள் செம்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறாள். ஞாயிறுகளில் சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி திறந்து கிடந்தது.

"இது என்னடா, கடல்ல மலை மொளச்சிருக்கு?"

ஹாலாங் விரிகுடா. பச்சைத் தண்ணீரில் நூறு நூறாகச் சுண்ணாம்புக் குன்றுகள். கோவளத்துக் கடலையே இத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு தடவையாவது வேறு கடல் வேண்டும் என்று ஆகிவிட்டிருந்தது. வயிற்றுக்கு விளம்பர வாசகம், மனசுக்கு வசன கவிதை என்று ஓடுகிற ஆள் நான். ஓர் இடத்தில் உட்காராது என் கால். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூடக் கிடையாது.

"வியட்நாம்க்கா. முதல்ல ஹனோய்னு ஒரு ஊர், பழைய தெரு, கோயில், ஏரி எல்லாம் நடந்தே பார்த்துடலாம். அப்புறம் பஸ் புடிச்சு இந்தக் கடல். குகை இருக்கு, மலை இருக்கு. பட்ஜெட்லயே போயிட்டு வரலாமாம்."

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். குன்று ஈரமாக இருக்குமோ என்று பார்ப்பவளைப் போல.

"நல்லா இருக்குடா."

"நீயும் வாயேன்" என்றேன்.

சொல்லும்போதே நான் கணினியை மூடிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு உபசாரம் என்பதற்கு அந்த மூடலே சாட்சி. "எனக்கு எதுக்குடா" என்று அவள் சொல்ல வேண்டும். அதுதான் அவளுடைய வசனம். அவள் அதைச் சொல்லவில்லை.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

வேறு என்ன சொல்வேன்? உபசாரத்தில் இறங்கியவன் பாதியில் கரையேற முடியாது.

சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் சொன்னாள்: "டேய் ரவி, பாஸ்போர்ட்டுக்குக் குடுத்துட்டேன். போலீஸ்காரர் வந்து விசாரிச்சுட்டுப் போயிட்டார். எதுக்கும்மா இந்த வயசுலன்னார். என் தம்பி கூட்டிட்டுப் போறான் சார்னேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மிஸ்ரா ஆயிட்டியா அக்கா என்று நினைத்தேன். கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. இதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ஏழு கிலோ

என் மனைவி சுமதி நாவலூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். ஊர் சுற்றத் திட்டம் போடுவதில் அவள் என்னைவிடப் பெரிய கவி. இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, முகம் கழுவிக்கொண்டு, கணினியில் உட்கார்ந்தால் அவளுக்கு முன்னால் ஆசியாவே மடங்கி வரும்.

நேரே போகிற விமானம் விலை அதிகம், கோலாலம்பூரில் இறங்கி மாறலாம். காலைப் பலகாரம் சேர்த்துத் தருகிற விடுதியாகப் பார்க்கலாம், அதிலேயே மத்தியானம் வரை ஓட்டலாம். நகரத்தில் டாக்ஸி கிடையாது, நடை. ஒரே ஒரு இரவு மட்டும் படகில் தூங்கலாம், அது ஒன்றுதான் ஆடம்பரம். பெட்டி போடக் காசு கேட்கிறார்கள், ஆகவே ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும்.

ஏழு கிலோ என்பது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, துணிகளை அடைத்த பையைத் தூக்கிக்கொண்டு மூலையில் உள்ள பழைய பேப்பர் கடைக்குப் போனோம். கடைக்காரர் பையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேப்பரா, இரும்பா சார்?"

"எடை மட்டும் பார்க்கணும் அண்ணா. வெளிநாடு போறோம்."

"ஒம்போதரை காட்டுது. ரெண்டரை கிலோ என்கிட்ட போட்டுட்டுப் போங்க, நல்ல ரேட்டு தரேன்."

சுமதி நடுத்தெருவில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் வீடு திரும்பும்போது கேட்டாள்: "அண்ணி வந்தா மூணு பேர் ரூமாப் பார்க்கணும். பார்க்கட்டுமா?"

"பார்க்கலாம்" என்றேன்.

"பார்க்கலாம்னா பாருன்னு அர்த்தமா, பார்க்காதன்னு அர்த்தமா?"

"பட்ஜெட் இடிக்குமே சுமதி."

அவள் நின்றாள். "அண்ணி காசை அண்ணி போடறாங்க. படகு, ரூம், வண்டி எல்லாம் மூணாப் பிரிச்சா நமக்குக் கொறையத்தான் செய்யும். எங்க இடிக்குது?"

எங்கே இடிக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் புத்தகம் ஒன்று வெளியானபோது மயிலாப்பூரில் ஒரு சின்னக் கூட்டம். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மௌனத்தைப் பற்றி ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, பையிலிருந்து எலுமிச்சை சாதப் பொட்டலங்களை எடுத்து, வரிசையாகக் கைமாற்றி, "மேடைல இருக்கறவங்களுக்கும் குடுங்க, காலைல சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்றாள். மௌனம் பேசியவர் பொட்டலத்தை வாங்கி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எல்லோரும் அன்பாகத்தான் சிரித்தார்கள். எனக்குத்தான் காது சுட்டது.

கொடைக்கானல் போனபோது ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டாள். வாங்குவதற்கு இல்லை. தெரிந்துகொள்வதற்கு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் அவள் கர்ப்பத்தின் மாசம் முதல் மாமியார் குணம் வரை விசாரித்து, இறங்கும்போது அவளுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தாள். பனி இறங்குவதைப் பார்க்க நான் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து அவள் குரல் வந்துகொண்டேயிருந்தது.

ஹாலாங்கின் மௌனத்தில் அந்தக் குரல் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் என் பட்ஜெட்.

வர்ணனை

வராதே என்று சொல்லத் தைரியம் இல்லை. அவளாகவே வேண்டாம் என்று சொல்லும்படி செய்துவிடலாம் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் வர்ணனை. ஒரு மாலையில் அக்காவுக்குப் போன் செய்து வர்ணித்தேன்.

"மலைக்கு ஐந்நூறு படியாம்க்கா. பாசி. வழுக்குமாம். கைப்பிடியே கிடையாதாம்."

"ம்."

"குகைக்குள்ள ஒரே இருட்டு. வவ்வால். படகுல தூங்கறப்ப ராத்திரி பூரா ஆட்டம். சாப்பாட்டுல நத்தை போடுவாங்க. தவளைகூட. சைவம்னு சொன்னாப் புரியாது அவங்களுக்கு."

"ம்."

கைப்பிடி இருக்கிறது. நான் படத்தில் பார்த்திருந்தேன். குகைக்குள் வண்ண விளக்குகள் போட்டு வைத்திருக்கிறார்கள். ஊரெங்கும் சைவ உணவகங்கள் உண்டு, சுமதி பெயர்களைக்கூடக் குறித்து வைத்திருந்தாள். எல்லாம் தெரிந்துதான் அந்த இடத்தை ஒரு கெட்ட கனவாக அவளுக்குக் கட்டிக் கொடுத்தேன். நன்றாகவே கட்டினேன். என் கவிதைகளில்கூட அவ்வளவு திருத்தமான ஈரம் வந்ததில்லை.

கடைசியில் அவள் ஏதோ சொன்னாள். வண்டிச் சத்தத்தில் காதில் சரியாக விழவில்லை. "அப்பப் பழகிக்கணும்" என்ற மாதிரி இருந்தது. பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் விமானக் கட்டணம் இறங்கியிருந்தது. ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே இரண்டு டிக்கெட் எடுத்தேன். ரத்துசெய்தால் திரும்பக் கிடைக்காத காசு. ஏரியில் நீர்க்காகம் ஒன்று முழுகி, வேறெங்கோ எழுந்தது. சாயங்காலம் சுமதியிடம், "அக்காகிட்ட பேசிட்டேன். அவளால முடியாதாம்" என்றேன்.

சுமதி என்னை நம்பினாள். "ஐயோ பாவம், ஆசையா இருந்தாங்களே" என்றாள்.

அந்த வாரத்திலேயேதான் நடைமேம்பாலத்தில் அக்காவைப் பார்த்தேன்.

கொய்யாக் கூடை

கீழ்ப்படியில் கொய்யாக் கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். அக்கா மறுபடி இறங்கி வந்து, மூச்சு வாங்க, கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் கரும்புச்சாறு வண்டி மட்டும்தான்.

"இன்னாக்கா, நானும் பாத்துகினே கீறேன். எத்தினி வாட்டி ஏறுவே? மேல எதுனா தொலைச்சிட்டியா?"

"இல்லம்மா. பழகிக்கிறேன்."

"படி ஏறவா? அதான் பக்கத்துல மிஷின் ஓடுதே."

"நான் போற எடத்துல மிஷின் இருக்காது. மலை. ஐந்நூறு படி. கைப்பிடிகூட இல்லையாம்."

அதனால்தான் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினாள். நான் டம்ளரை வண்டிமேல் வைத்தேன். சாறு அப்படியே இருந்தது.

"எங்க கீது அந்த மல?"

"வியட்நாம்."

"திண்டிவனம் தாண்டியா?"

"ஃப்ளைட்ல போகணும்மா."

"யம்மாடி. ஒண்டியாவா போறே?"

"என் தம்பிகூட. பெரிய எழுத்தாளர். அவந்தான் வா வான்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கான்."

நான் ஒரே ஒரு தடவை சொன்ன 'வாயேன்' அவள் வாயில் இரண்டு வா ஆகியிருந்தது. இரண்டாம் முறை கேட்கப்படாததை அவளே என் சார்பில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குடுத்து வெச்சவக்கா நீ. எனக்கும் ஒரு தம்பி கீறான். பொங்கலுக்குக்கூட எட்டிப் பாக்க மாட்டான். கொய்யா எடுத்துக்கோ, துட்டு வேணாம்."

"சே, வெச்சுக்கோ. எவ்ளோ ஒரு கூறு?"

விலை கேட்டாள். அதே குரல். கொடைக்கானல் பனிக்குள் கேட்ட குரல்.

அக்கா விதியை மறக்கவில்லை. தம்பிக்கும் தனக்கும் நடுவில் உபசாரம் என்று ஒன்று இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அது மிஸ்ராத்தனம் இல்லை. அதற்கு எங்கள் வீட்டில் வார்த்தையே இல்லை.

அப்போதாவது போயிருக்கலாம். நான் வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வேளச்சேரி சாலையில் வேண்டாத தூரம் போய்விட்டு வீடு திரும்பினேன்.

வடை

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஷூவோடு. வாசலில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"வந்துடுச்சு. போட்டோவப் பாரு, தூங்கறவள எழுப்பி எடுத்த மாதிரி இருக்கேன்."

அடுக்களையிலிருந்து வடைத் தட்டோடு வந்த சுமதி அதைப் பார்த்து நின்றாள். அவள் முகத்தில் சந்தோஷம்தான் முதலில் வந்தது. குழப்பம் பிறகு.

"அண்ணி, அப்ப நீங்க வரீங்களா? உங்களால முடியாதுன்னு சொன்னீங்கன்னு இவரு... ரெண்டு டிக்கெட் போட்டுட்டோமே."

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. பள்ளியில் என் மதிப்பெண் அட்டையை அப்பாவுக்கு முன்னால் அவள் பார்த்துவிடுவாளே, அந்தப் பார்வை. பிறகு சிரித்தாள்.

"ஆமாமா. நாந்தான் சொன்னேன் இவன்கிட்ட. கார்த்திக் பெங்களூருக்குக் கூப்பிட்டிருக்கான். இது சும்மா, ஒரு ஐடிக்கு இருக்கட்டும்னு எடுத்தேன்."

என் பொய்யை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு இயல்பாக, புடவையை மடித்து வைப்பதுபோல.

சுமதி விடவில்லை. "பெங்களூருக்கு அப்புறம் போலாம் அண்ணி. இப்பக்கூட இன்னொரு டிக்கெட் போடலாம். நீங்க வந்தா எனக்குப் பேச்சுத் துணை. இவரு அங்க வந்து ஜன்னலப் பார்த்துக்கிட்டே நிப்பாரு."

"வேண்டாம்மா. நீங்க சந்தோஷமா போயிட்டு வாங்க."

சுமதி என் பக்கம் திரும்பினாள். இப்போது நான் சொல்ல வேண்டும். இது என் முறை. அந்தச் சின்ன இடைவெளி எனக்காகவே திறந்து வைக்கப்பட்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. கீழே யாரோ குடம் நிரப்பினார்கள். அக்கா தன் பாஸ்போர்ட்டின் நீல அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். பதினாறு வயதிலிருந்து வார்த்தைகளோடு வாழ்கிறவன் நான்.

"வடை ஆறுதுக்கா" என்றேன்.

அவள் வடையைச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். சாயங்காலம் வரை இருந்து, சுமதிக்குத் தலை பின்னிவிட்டு, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்தியதும் சுமதி சொன்னாள்: "நீங்க அவங்ககிட்ட பேசவே இல்ல. இல்ல?"

நான் காலி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினேன்.

"அந்த மிஸ்ரா கதை சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே. எனக்கு அந்த மனுஷனை நெனச்சாத்தான் பாவமா இருக்கும் எப்பவும். குழந்தைங்களுக்கு நல்ல சட்டை போட்டுக் கூட்டிட்டு வந்திருப்பாரு."

இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தைகளின் சட்டையை நான் நினைத்ததே இல்லை.

செம்பாக்கம்

சில நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். கிளம்புமுன் பார்த்தேன், அதே விமானத்தில் இடம் இருந்தது. விலை ஏறியிருந்தது. அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டே போனேன். செம்பாக்கம் ஏரி வளைவில் எல்லாம் உதிர்ந்துவிட்டன.

அவள் தரையில் செய்தித்தாளை விரித்து மணத்தக்காளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாடா. உட்காரு."

உட்கார்ந்தேன். நாற்காலியில் இல்லை, தரையில்.

"அக்கா, டிக்கெட் இருக்கு. நீ வா."

அவள் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நெஜமாத்தான் கூப்புடற. தெரியுது."

"ஆமாக்கா."

"வேண்டாம்டா."

இந்த 'வேண்டாம்' எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வாசலில் நிற்கிற வேண்டாம். கையைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டிய வேண்டாம். "நான் பண்ணினது தப்புக்கா. சுமதியும் சொல்றா. நீ வந்தாத்தான்..."

"ரெண்டு தடவ கேட்டுட்டே. பத்து தடவ கேட்டாலும் அதேதான். எனக்கு வர இஷ்டமில்ல."

குரலில் காரம் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லி, அதற்கு வேண்டாம் என்றே அர்த்தமாக இருந்ததை நான் அதுவரை கேட்டதில்லை.

"கோவமாக்கா?"

"கோவம் அன்னிக்கே பஸ்ல போயிடுச்சு. அது இல்லடா." ஒரு பூச்சி அரித்த இலையை எடுத்து ஒதுக்கினாள். "உன்கூட வெளிய வந்தா, நான் வாயத் தொறக்கறப்பல்லாம் உன் மொகத்தப் பாக்க வேண்டியிருக்கு. இது பேசலாமா, இது கேக்கலாமான்னு. அந்த மயிலாப்பூர் மீட்டிங்லயே பாத்தேன். கொடைக்கானல்லயும் பாத்தேன்."

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோ தூரம் போனா ஊரைத்தான பாக்கணும். உன் மொகத்தையே பாத்துக்கிட்டு வரதுக்கா?"

தெரிந்திருந்தது. எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தும், நெஜமாவா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

"போவேன்" என்றாள், கொஞ்சம் கழித்து. "பாஸ்போர்ட்ட வெச்சுக்கிட்டு என்ன பண்றது. ஸ்கூல்ல கூட இருந்தவங்க நாலு பேரு சிலோன் போலாம்னு பேசிக்கிட்டிருக்காங்க. கொழும்பு பாத்துட்டு ஏதோ பெரிய பாறை இருக்காம், அது மேல ஏறணுமாம். இப்ப எனக்கு முட்டி வலிக்கறதில்ல."

"நல்லதுக்கா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

வெளியே இஸ்திரி வண்டிக்காரர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா ஆய்ந்த கீரையை அள்ளி முறத்தில் போட்டாள்.

"காபி போடட்டுமா?"

"வேண்டாம்க்கா" என்றேன், வழக்கம்போல.

"சரி" என்றாள். அடுத்த கீரைக்கட்டை எடுத்து, நாரை அவிழ்க்கத் தொடங்கினாள்.